கழுத்தில்லாத மாரியும் மற்ற மாரிகளும்

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆடும். இப்படி வந்து என் பக்கத்துல உட்காருங்க. போன வாரம் ஒரு போலீஸ்காரர் அதுல உட்கார்ந்து மல்லாந்துட்டார். அவர் எதுக்கு வந்தார்னு கேட்டிராதீங்க, இங்கே அதெல்லாம் கேட்கக் கூடாது. நான் கேட்டேன். அவர் சொல்லலை.

நீங்க யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? மகளையா?

உங்களுக்கேவா.

சரி சரி, தப்பா எடுத்துக்காதீங்க. வயசுப் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் வரும்னு நினைச்சிட்டேன். வாத்தியாரம்மாவா? மேலூரா? முதல் தடவைன்னா பயமாத்தான் இருக்கும். ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஊசி கிடையாது, மருந்து கிடையாது, வெறும் பேச்சு. வெறும் பேச்சுக்கா அருப்புக்கோட்டையிலேருந்து மதுரைக்கு பஸ் ஏறி வரணும்னு நானே கேட்டவள்தான். இப்பக் கேட்க மாட்டேன்.

உள்ளே இருக்கிறது என் மகள். யோகலட்சுமி. வீட்டுல யோகு. காலேஜுல ரெண்டாம் வருஷம். சாப்பாடு இறங்காம, இறக்கப் பிடிக்காம, மாசியில ஹாஸ்டல் வராந்தாவுல மயங்கி விழுந்து, அப்புறம் வீட்டோட இருக்கா. ஜூன்ல காலேஜ் திறக்குது. ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா, இந்த வருஷத்தை விட்டுரணுமான்னு இன்னைக்கு மேடம் சொல்லணும். ஜெசிந்தா மேடம். நல்ல மனுஷி. ஆள் பார்க்கிறதுக்கு நல்ல... இல்லை. நல்ல மனுஷி. அதோட நிறுத்திக்கிறேன். நிறுத்தப் பழகிட்டு இருக்கேன்.

உங்க பிளவுஸ் யார் தைச்சது? கைக்குழியில சுருக்கம் விழுது பாருங்க. உடம்பைச் சொல்லலைம்மா, தையலைச் சொல்றேன். தையலைப் பத்திப் பேசலாமான்னு மேடத்துக்கிட்டயே கேட்டு வச்சிருக்கேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, பேசலாம்னாங்க.

ஆமா, நான் தையல்காரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு அரிசிக்கடை, அதுக்கு மாடியில லேடீஸ் டெய்லர். இருபத்தாறு வருஷமாச்சு. பேரு மாரித்தாய். எங்க பக்கம் பொம்பளைப் பிள்ளை பிறந்தா பாதிக்கு மாரிதான். மாரியம்மாள், மாரீஸ்வரி, முத்துமாரி, மாரிச்செல்வி, வெறும் மாரி. தீபாவளிக் கூட்டத்துல நின்னு மாரின்னு ஒரு குரல் கொடுத்தா, மெஷினைத் தவிர எல்லாம் திரும்பிப் பார்க்கும். அப்ப அளவு நோட்டுல எந்த அளவு எந்த மாரிக்குன்னு எப்படி எழுதுறது? இனிஷியல் போடலாம்பீங்க. நான் படிச்சது அஞ்சாவது. அஞ்சாவது பாஸான்னு கேட்டீங்கன்னா பேச்சை மாத்திருவேன். எனக்கு ஆளைப் பார்த்தா அளவு தெரியும். அளவைப் பார்த்தா ஆள் தெரியணும், அவ்வளவுதான். அதனால ஆள் எப்படி இருக்காளோ அப்படியே பேர் வச்சிருவேன். கழுத்தில்லாத மாரி. பீப்பாய் மாரி. ஒட்டடைக்குச்சி மாரி. இன்னொரு பீப்பாய் வந்துட்டா, பெரிய பீப்பாய், சின்னப் பீப்பாய்.

மோசமாத் தெரியுதுல்ல? உங்க முகம் சொல்லுது. ஆனா கெட்ட எண்ணம் ஒரு பொட்டு கிடையாது பார்த்துக்கோங்க. கீழே அரிசிக்கடைக்காரர் மூட்டைக்கு மூட்டை மையால அடையாளம் போடுறாருல்ல, அது மாதிரி. மூட்டை என்னைக்காவது கோவிச்சுக்கிச்சா?

யோகு மூணாவது படிக்கிறப்பவே நோட்டு அவள் கைக்குப் போயிருச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்தா என் மெஷினுக்குப் பக்கத்துல முக்காலி போட்டு உட்காருவாள். நான் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு, ‘எழுது, பெரிய பீப்பாய், கை இவ்வளவு, இடுப்பு இவ்வளவு, போன வருஷத்துக்கு ரெண்டு ஏறியிருக்கா’ன்னு சத்தமாச் சொல்லுவேன். சத்தமாத்தான் சொல்லணும், மெஷின் ஓடுதுல்ல. அவள் முத்து முத்தா எழுதுவாள். வர்றவங்கெல்லாம் பாப்பா எழுத்து அச்சு மாதிரி இருக்கேன்னு சொல்லுவாங்க. எனக்குப் பெருமை தாங்காது. என்ன எழுதுறாங்கிறதை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நானும்தான்.

அப்படி வளர்ந்த பிள்ளை மதுரைக்குப் படிக்கப் போனாள். தீபாவளிக்குத் தைச்ச சுடிதார் பொங்கலுக்குத் தொளதொளன்னு நின்னுச்சு. நான் என்ன செய்யணும்? ஏன்டி இப்படி ஆயிட்டேன்னு கேட்கணுமா வேண்டாமா? நான் ரெண்டு பக்கமும் ஊசி குத்தி, பிடிச்சுத் தைச்சுக் கொடுத்தேன். தை மாசக் கடைசியில மறுபடி தளர்ந்துச்சு. மறுபடி பிடிச்சேன். மாசியில ஒரு தடவை. மூணு தடவை பிடிச்சிருக்கேன்மா. தையல்காரிக்குத் துணி தளர்ந்தாத் துணியத்தான் பிடிக்கத் தெரியுது. அதுலேயும் பாருங்க, வர்றவங்ககிட்டயெல்லாம் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, ‘என் மகளைப் பாருங்க, எந்த டிசைன் போட்டாலும் உடம்புல நிக்கும்’னு காட்டினேன். அவங்களும், உன் மகள் மாதிரி ஆகணும்டி மாரித்தாய்னு பெருமூச்சு விட்டாங்க. பிள்ளை சிரிச்சுக்கிட்டே நின்னாள். அந்த வாரம்தான் விழுந்தாள்.

முதல்ல கோயிலுக்குப் போய் முடியிறக்கினேன். எனக்குத்தான், அவளுக்கில்லை. இப்பத்தான் முளைச்சு வருது, பார்த்தா ரெண்டு மாசப் பிள்ளை தலை மாதிரி இருக்கும். அப்புறம் பெரியாஸ்பத்திரி. அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர்தான் இந்த மேடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மேடம் எங்களுக்கு முதல்ல கொடுத்த வேலை என்ன தெரியுமா? மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும். சாப்பிடுறப்ப சாப்பாட்டைப் பத்திப் பேசக் கூடாது, உடம்பைப் பத்திப் பேசக் கூடாது, அவள் தட்டைப் பார்க்கக் கூடாது. சரிங்க மேடம்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். வந்து உட்கார்ந்தா, பேச ஒண்ணுமே இல்லை. நிஜமாத்தான். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்க’, ‘ஏன் இளைச்சுட்டே’, ‘ஏன் பூசிட்டே’, ‘உப்பு இருக்கா’. இதை எடுத்துட்டா எங்க வீட்டுல பேச்சே கிடையாது. என் வீட்டுக்காரருக்கு நூலுக்குக் கஞ்சி போடுற மில்லுல வேலை. அங்கே இரைச்சல்ல பேசிப் பிரயோசனம் இல்லைன்னு விட்டுட்டார், அதே பழக்கம் வீட்டுலேயும். ரெண்டு நாள் மூணு பேரும் தட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். இழவு வீட்டுல கூட இதைவிடப் பேச்சு இருக்கும்னு யோகு சொன்னாள். மூணாம் நாள் அவருக்கே பொறுக்கலை. தொண்டையைச் செருமிக்கிட்டு, மழை வரும் போல இருக்குன்னார். பங்குனி வெயில், மணி பன்னெண்டரை. நாங்க மூணு பேரும் எந்திரிச்சுப் போய் வானத்தைப் பார்த்துட்டு வந்து உட்கார்ந்தோம். ஒரு பொட்டு மேகம் இல்லை. அவர் விடலை. வரும்னார்.

அதுக்கு அடுத்த வாரம்தான் நோட்டு விஷயம் வெளியே வந்துச்சு. யோகு உள்ளே தனியாப் பேசுறப்ப சொல்லியிருக்கா. மேடம் என்னைக் கூப்பிட்டு, அளவு நோட்டைக் கொண்டு வர முடியுமாம்மான்னாங்க. நான் என்ன நினைச்சேன், பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். நோட்டோட டேப்பையும் எடுத்துக்கிட்டேன், நாலு டிசைன் புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டேன். உள்ளே போனதும், எந்திரிங்க மேடம், கையைத் தூக்குங்கன்னுட்டேன். பாவம், பாதி எந்திரிச்சிட்டாங்க. டேப்பைக் கண்டா யாரா இருந்தாலும் எந்திரிச்சிருவாங்க. அப்புறம் உட்கார்ந்துக்கிட்டு, யோகு வாசிக்கட்டும்னாங்க.

வாசிச்சாள். பள்ளிக்கூடத்துல பாடம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிச்சாள். கழுத்தில்லாத மாரி. பெரிய பீப்பாய் மாரி. நான் சிரிச்சேன்மா. உண்மையைச் சொல்லணும்ல. சின்னப் பீப்பாய் வரைக்கும் சிரிச்சேன். வேற யாரும் சிரிக்கலைன்னு அப்புறம்தான் பார்த்தேன்.

கடைசியில ஒரு பக்கத்தைத் திருப்பினாள். நோட்டு மாத்துறப்பெல்லாம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நானே பார்த்துப் பார்த்து எழுதிக்குவேன். அது மட்டும் என் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி. மேலே ‘பூசணி’ன்னு இருக்கும். சின்னதுல கன்னம் ரெண்டும் அப்படித்தான் இருக்கும் அவளுக்கு, செல்லமாக் கூப்பிடுறது. ஆறு வயசுப் பாவாடை சட்டையிலேருந்து காலேஜ் சுடிதார் வரைக்கும் எல்லா அளவும் பூசணிக்குக் கீழேதான். பொங்கலுக்கு அளவெடுத்தப்ப, பூசணியை அடிச்சிட்டுப் பக்கத்துல ‘சபாஷ்’னு எழுதியிருந்தேன்.

யோகு அந்தச் சபாஷ் மேல விரலை வச்சுக்கிட்டு, “இதுக்குத்தாம்மா”ன்னாள்.

மேலே ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு, ஒரு மாதிரி உரசிக்கிட்டு. அதை ரிப்பேர் பார்க்கணும் மேடம்னு சொன்னேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு தெரியலை. எனக்கு அப்பப் புரியவே இல்லை. பஸ்ஸுல திரும்பிப் போறப்ப, காரியாபட்டி தாண்டித்தான் புரிஞ்சுது. புரிஞ்சதும் அங்கேயே இறங்கி எங்கேயாவது ஓடிரலாம் போல இருந்துச்சு. பக்கத்துல யோகு என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டு இருந்தாள், அதனால அசையலை. முழுக்க என்னாலதான்னு சொல்ல வரலைம்மா. அந்த ஹாஸ்டல் சாம்பாரை நீங்க பார்க்கணும்.

யார் தப்புன்னு பார்க்கிற இடம் இது இல்லைன்னுட்டாங்க மேடம். நோட்டுல எல்லாருக்கும் வேற பேர் வைங்க, உடம்பு வராத பேர், ரெண்டு பேரும் சேர்ந்து வைங்கன்னாங்க. இதென்ன பெரிய வேலைன்னு உட்கார்ந்தேன். கழுத்தில்லாத மாரி. சரி, இவள் வேற எப்படி? யோகு கேட்கிறாள், எனக்கு ஒண்ணும் வரலை. பன்னெண்டு வருஷமாத் துணி கொடுக்கிறவள். அவளுக்குக் கழுத்தில்லைங்கிறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியலை. யோகுதான் சொன்னாள், “அவங்க ஸ்கூல் வேன் ஓட்டுறாங்கம்மா”ன்னு. வரும்போதெல்லாம் மெஷின் மேலதான் சாவியை வைப்பாளாம். பன்னெண்டு வருஷமா நான் கழுத்தையே பார்த்திருக்கேன், சாவியைப் பார்க்கலை. வேன் மாரின்னு எழுதினோம். ஒட்டடைக்குச்சி, ஊக்கு மாட்டுறப்பெல்லாம் முணுமுணுன்னு பாடுவாள், அவள் பாட்டு மாரி. பெரிய பீப்பாய், தெருவுல அடிபட்ட குட்டியைத் தூக்கி வளர்த்தவள், நாய்க்குட்டி மாரி.

இப்படித் தினம் சாயங்காலம் பத்துப் பத்துப் பேரா முடிச்சோம். அதுல சின்னப் பீப்பாய்க்கு மட்டும் யோகு பேச்சைக் கேட்காம நானா ஒரு பேர் வச்சேன். அவள் அளவெடுக்க நின்னா, ஆரம்பிச்சதிலேருந்து முடிக்கிற வரைக்கும் மாமியாரைத்தான் பேசுவாள். அதனால ‘மாமியாரைத் திட்டுற மாரி’. யோகு கூட வேண்டாம்மான்னாள். உடம்பு இதுல எங்கடி வருதுன்னு கேட்டேன்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சின்னப் பீப்பாய் வந்தாள். மன்னிச்சுக்கோங்க, அந்த மாரி வந்தாள். கூடவே மாமியார். கோயிலுக்குப் போய்ட்டு ரெண்டு பேரும் ஒரே சிரிப்பா வர்றாங்க, கையில ஒரு கிலோ காராச்சேவுப் பொட்டலம். நான் நோட்டை விரிச்சு வச்சிட்டு டேப்பைத் தேடுறேன். அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சாங்க. எனக்கென்ன தெரியும், அந்தம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்களாம்.

அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்ல. அரிசிக்கடைக்காரர் மூட்டையைப் போட்டுட்டு மாடிக்கு ஏறி வந்துட்டார். என்னடி திட்டினே என்னைன்னு மாமியார் கேட்கிறாங்க. நான் ஒண்ணும் திட்டலைங்கிறாள் மருமகள். அப்ப இத்தனை வருஷத் தையல்காரி பொய்யா எழுதுவாளான்னு அந்தம்மா எனக்குச் சாட்சி கொடுக்கிறாங்க. நான் நடுவுல புகுந்து, அம்மா அவள் அப்படி ஒண்ணும் பெரிசாத் திட்டலை, நீங்க மிக்சியை ஒளிச்சு வைக்கிறதை மட்டும்தான் சொன்னாள்னேன். சமாதானத்துக்குத்தான் சொன்னேன். அது சமாதானம் ஆகலை. காராச்சேவைக் கட்டிங் மேஜை மேல விட்டெறிஞ்சிட்டு அந்தம்மா இறங்கிப் போனாங்க, அவங்க பின்னாலேயே அத்தே அத்தேன்னு மருமகள். தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. பீப்பாய்னு எழுதி வச்சிருந்தா இந்தச் சண்டை வந்திருக்குமான்னு மேடத்துக்கிட்டே கேட்கணும்னு மனசுல குறிச்சுக்கிட்டேன்.

திரும்பிப் பார்த்தா யோகு சிரிக்கிறாள். சத்தமே வராம, கண்ணுல தண்ணி வழிய, மேஜையைப் பிடிச்சுக்கிட்டு. மிக்சின்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரிச்சு ஒண்ணரை வருஷம் இருக்கும். சிரிச்சுக்கிட்டே பிரிஞ்சு கிடந்த பொட்டலத்துல கை வச்சாள். ஒண்ணு எடுத்து வாயில போட்டாள். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் ஒரு பிடி. யாரும் சொல்லலை, யாரும் கொடுக்கலை. ரெண்டு மாசமா நான் தவம் கிடந்தது என் கட்டிங் மேஜையில நடக்குது.

எனக்கு வாய் நிற்குமா? “சாப்பிடுறியே சாமி”ன்னுட்டேன்.

கை அப்படியே நின்னுச்சும்மா. வாயில இருந்ததை முழுங்கலை. எந்திரிச்சுப் போய் வெளியே துப்பிட்டு, வாயைக் கழுவிட்டு வந்து முக்காலியில உட்கார்ந்தாள். நோட்டை மூடி வச்சாள். அதுக்கப்புறம் மூணு நாள் வெறும் மோர்த்தண்ணி. மேடத்துக்கிட்ட போன் போட்டு அழுதேன். திட்டுங்க மேடம்னேன். அவங்க திட்டலை. இனிமே அவள் சாப்பிடுறப்ப உங்க கண்ணுக்கு வேற வேலை கொடுங்கன்னாங்க.

கொடுத்தேன். நாங்க சாப்பிடுற இடத்துக்கு எதிர்ச் சுவர்ல தினசரிக் காலண்டர் தொங்குது. அவள் கையை நனைச்சதும் நான் காலண்டரைப் படிக்க ஆரம்பிச்சிருவேன். ராகு காலம், எமகண்டம், கீழே பொடி எழுத்துல இருக்கிற வெல்லமண்டி விளம்பரம் வரைக்கும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இப்ப வர்ற ஆவணி வரைக்கும் எல்லா முகூர்த்த நாளும் எனக்கு மனப்பாடம். உங்க வீட்டுல விசேஷம் ஏதும் இருந்தாக் கேளுங்க, சொல்றேன். காலண்டர் படிக்கிறப்ப பக்கத்துல தட்டுச் சத்தம் கேட்கும். எவ்வளவு எடுத்தாள், எவ்வளவு வச்சாள், ஒண்ணும் தெரியாது. இருபத்தாறு வருஷமாப் பார்த்தே அளவு சொன்ன கண்ணும்மா இது. அதை நான் சுவர்ல மாட்டி வச்சிருக்கேன்.

ஆனா ஏதோ நடக்குது. அது தெரியுது. படி ஏறினா மூச்சு வாங்கலை. நோட்டுக்குப் பேர் வைக்க அவளே கூப்பிடுறாள். அந்த மாரியும் மாமியாரும் கூட மறுபடி வந்தாங்க, ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்து இப்ப என்னைத் திட்டுறாங்க. அவள் பேரை மிக்சி மாரின்னு மாத்தி வச்சிருக்கோம், அதுக்கு என்ன வருமோ.

இருங்க, கதவு திறக்குது. யோகுதான். என் முகத்துல ஏதும் தெரியுதா? நான் ஒண்ணும் கேட்கலை, அவளே சொல்லட்டும். பாருங்க, கேட்காம நிற்கிறேன்.

என்னடி? ம். ம். சரி. நீ கீழே போய்ச் செருப்பைப் போடு, அம்மா பையை எடுத்துட்டு வர்றேன்.

கேட்டீங்களா? ஹாஸ்டலுக்கு இன்னும் சரின்னு சொல்லலை. முதல்ல இன்னைக்கு வெளியில, நாலு பேர் இருக்கிற இடத்துல உட்கார்ந்து சாப்பிடணுமாம். ஹாஸ்டல் மெஸ்ஸுல இருநூறு பேர் இருப்பாங்கள்ல, அதுக்காக. அது முடிஞ்சா அதை அவளே வந்து மேடத்துக்கிட்ட சொல்லணும், அப்புறம்தான் ஜூன். கீழேயே ஒரு ஹோட்டல் இருக்கு. அங்கேயாம். இப்பவேயாம்.

ஹோட்டல்ல காலண்டர் இருக்குமாம்மா? நான் எங்கே பார்க்கிறது?

உங்களை எப்பக் கூப்பிடுவாங்க? இன்னும் முக்கால் மணி நேரமா? அப்ப ஒண்ணு செய்யுங்களேன். நீங்களும் எங்க கூட வாங்க. எங்களுக்கு எதிர்ல உட்காருங்க, ஒரு காபி மாதிரி குடிச்சிக்கிட்டு. நான் பார்க்க மாட்டேன். நீங்க பாருங்க. அவள் எத்தனை தோசை சாப்பிடுறாள்னு மட்டும் பார்த்து, வெளியே வந்ததும் என் காதுல சொல்லுங்க. எண்ணிக்கை மட்டும் போதும். ஒரு தாய்க்கு அது கூடவா...

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க.

நீங்களும் சாப்பாடு இறங்காமத்தானே இங்கே வந்திருக்கீங்க. யாரோ பார்த்துக்கிட்டே இருந்து, எண்ணிக்கிட்டே இருந்து. இல்லையா? தலையாட்டுறீங்க. அடக் கடவுளே, நான் என்ன மனுஷி.

வேண்டாம்மா. சொல்லாதீங்க. நீங்க பார்த்தாலும் சொல்லாதீங்க, நான் கெஞ்சினாலும் சொல்லாதீங்க. ஆனா வாங்க. உங்க தட்டையும் நான் பார்க்க மாட்டேன், அந்தச் சாமி சத்தியமா. நான் என் தட்டைப் பார்க்கிறேன். இத்தனை வயசுல அதைத்தான் நான் பார்த்ததே இல்லை, நின்னுக்கிட்டே முழுங்கிட்டு மெஷினுக்கு ஓடினவள்.

எந்திரிங்க. படி செங்குத்தா இருக்கும், கம்பியைப் பிடிச்சுக்கோங்க.

யோகு, மூணு பேருக்கு இடம் பிடி. இவங்களும் நம்ம கூட வர்றாங்க.